குறுந்தகட்டுப் பாட்டு குறையாமல் கணினிக்கு வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் இப்போது பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையைப் பற்றித் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அலமாரியில் அடுக்கி வைத்திருந்த இசைக் குறுந்தகடுகளையும் கேசட்டுகளையும் கடையில் கொடுத்து, பென் டிரைவில் ஏற்றி வாங்கிக்கொண்டு, தட்டுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். சி.டி. பிளேயர் பழுதாகிவிட்டது, புதிதாக வாங்கிய மடிக்கணினியில் தட்டுப் போடும் இடமே இல்லை, காரிலும் அது போய்விட்டது என்னும்போது பாட்டைக் கணினிக்கு மாற்ற நினைப்பதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் எப்படி மாற்றினார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தட்டு கையை விட்டுப் போனபின் திருத்த வழியே இல்லாத வேலை இது என்பதால், கேட்க வேண்டிய கேள்விகளை முன்னதாகவே சொல்லிவைப்பது நல்லது என்று தோன்றியது.

திருமங்கலத்தில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். அவர் வீட்டுக் கல்யாணத்தில் நடந்த நாதஸ்வரக் கச்சேரி, கடையில் வாங்கிய கர்நாடக இசைத் தட்டுகள், ஊர்த் திருவிழாவில் போட்ட வள்ளி திருமணம் நாடகத்தின் ஒலிப்பதிவு என்று ஒரு பை நிறையத் தட்டுகளை நகரில் உள்ள ஒரு கடையில் கொடுத்தார். “லாஸ்லெஸ் தரத்தில் (அதாவது ஒலியில் எதையும் இழக்காமல்) ஏற்றித் தருகிறோம்” என்று சொல்லி, அப்படி இழப்பின்றிச் சுருக்கும் வடிவமான ஃப்ளாக் கோப்புகள் நிறைந்த பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லாம் இதில் வந்துவிட்டது, தட்டுகள் இனித் தேவையில்லை என்ற அவர்கள் பேச்சை நம்பி அவரும் பாதித் தட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார். தவில் சத்தம் ஏதோ மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் அந்தக் கோப்புகளை நான் ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் திறந்து பார்த்தேன்.

அந்த மென்பொருளில் ஒலியை நிறமாலைப் படமாக விரித்துப் பார்க்கலாம். இடமிருந்து வலமாக நேரம் ஓடும்; கீழிருந்து மேலாக ஒலியின் அதிர்வெண் ஏறும். குறுந்தகட்டிலிருந்து நேராக எடுத்த நாதஸ்வரக் கச்சேரியானால் தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெளிச்சக் கோடு 20,000 ஹெர்ட்ஸையும் தாண்டி மேலே போய் மெல்ல மங்கும். மாமாவின் கோப்புகளிலோ எல்லாக் கோடுகளும் 16,000 ஹெர்ட்ஸ் அருகே அளவுகோல் வைத்து அறுத்ததுபோல் ஒரே மட்டத்தில் நின்றிருந்தன. அதற்கு மேலே வெறும் கறுப்பு. குறைந்த தரத்து எம்பி3 விட்டுச்செல்லும் அடையாளம் அது. முதலில் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆக எடுத்து, வாடிக்கையாளர் ஃப்ளாக் கேட்கிறார் என்பதற்காக அதையே ஃப்ளாக் ஆக மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். கோப்பு பெரிதாகிவிட்டது. இழந்த ஒலி இழந்ததுதான். இந்தச் சோதனையிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும்: பழைய 78 வேக இசைத்தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ வந்த பதிவுகளில் உச்ச அதிர்வெண்கள் இயல்பாகவே குறைவு, மேலே கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்துக் கடைக்காரரைக் குற்றம் சொல்லக்கூடாது. அறுத்தெடுத்த நேர்க்கோடு தெரிகிறதா என்று பார்க்கவேண்டும்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். 1982-ல் விற்பனைக்கு வந்த ஒலிக் குறுந்தகட்டில் ஒரு நொடி இசை 44,100 மாதிரிகளாக, அதாவது ஒலியின் அளவைக் குறிக்கும் எண்களாக, வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மாதிரியும் 16 பிட். இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு என இரண்டு வரிசைகள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14,11,200 பிட்கள், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகிறது. 128 கேபிபிஎஸ் எம்பி3 இதில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கை மட்டுமே வைத்துக்கொள்கிறது. மனிதக் காதுக்கு எது கேட்காமல் போகும் என்று கணித்து மற்றதைத் தள்ளிவிடுவதுதான் அதன் வேலைமுறை. இணைய வேகமும் ஹார்ட் டிஸ்க் கொள்ளளவும் குறைவாக இருந்த நாளில் அது அரிய கண்டுபிடிப்பு. அதை நான் பழிக்க வரவில்லை. உயர்ந்த தரத்தில், 320 கேபிபிஎஸ் அளவில் செய்த எம்பி3 ஐ வீட்டு ஸ்பீக்கரில் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு வேறுபாடு தெரியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆயினும் தவிலின் தொப்பியில் விழும் அடி, மிருதங்கத்தின் சாப்பு, ஜால்ரா போன்று சட்டென்று கிளம்பும் ஒலிகளில் குறைந்த தரத்து எம்பி3 தடுமாறுகிறது. அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பாகவே ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கும். மாமாவின் காது பிடித்தது அதைத்தான்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கச்சேரித் தட்டுகளில் ஆலாபனை ஒரு தடத்திலும், கீர்த்தனை அடுத்த தடத்திலும், தனி ஆவர்த்தனம் அதற்கடுத்த தடத்திலுமாகப் பிரித்திருப்பார்கள். தட்டைப் போட்டுக் கேட்டால் இடைவெளியே தெரியாது, தம்பூராவின் நாதம் அறுபடாமல் ஓடும். எம்பி3 ஆக்கும்போது அதன் அமைப்பின் காரணமாகவே ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் சிறு மௌனத் துண்டு ஒட்டிக்கொள்கிறது. அதைக் கணக்கிட்டு நீக்கத் தெரியாத பிளேயரில் தடம் மாறும் ஒவ்வொரு முறையும் தம்பூரா ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கும். மதுரை மணி ஐயரின் ஸ்வரம் பாடும் போக்கிலோ மதுரை சோமுவின் நீண்ட ஆலாபனையிலோ தோய்ந்து கேட்பவருக்கு அந்த ஒரு கண வெட்டு எவ்வளவு கசக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இழப்பில்லா வடிவத்தில் மாதிரிகளின் எண்ணிக்கை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. தடங்களை அடுத்தடுத்து வைத்தால் பிசிறின்றிப் பொருந்தும்.

ஃப்ளாக் என்பது அத்தகைய இழப்பில்லா வடிவங்களில் ஒன்று. ஜோஷ் கோல்சன் என்பவர் உருவாக்கி, 2001-ல் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். 2024 டிசம்பரில் இணையத் தரநிலை ஆவணமாகவும் ஏற்கப்பட்டுவிட்டதால், நாளைக்கு ஏதாவது ஒரு நிறுவனம் மூடப்பட்டால் கோப்பைத் திறக்க முடியாதே என்ற கவலை இதில் இல்லை. ஆப்பிள் கருவிகள் வைத்திருப்பவர்கள் அந்நிறுவனத்தின் ஆலாக் வடிவத்தை விரும்பலாம். அதுவும் இழப்பில்லாததே, இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்றாக எத்தனை முறை மாற்றினாலும் ஒலி கெடாது. இங்கே சுருக்குவது என்பது சுங்குடிச் சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பது போன்றது. விரித்தால் ஒரு புள்ளியும் குறையாது. சுருங்கிய கோப்பு மூலத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை இடம் பிடிக்கும். தனி வீணைக்குக் குறைவாகவும், இரைச்சல் மிகுந்த திரையிசைக்குக் கூடுதலாகவும் ஆகும். ஃப்ளாக் மென்பொருளில் 0 முதல் 8 வரை சுருக்க நிலைகள் இருப்பதைப் பார்த்து, அதிகம் சுருக்கினால் தரம் குறைந்துவிடும் என்று அஞ்சி 0-ஐத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணால் மாறுவது சுருக்க ஆகும் நேரமும் கோப்பின் அளவும் மட்டுமே. எந்த நிலையில் சுருக்கினாலும் விரிக்கும்போது வரும் ஒலி ஒன்றேதான்.

அதேபோல், குறுந்தகட்டிலிருந்து எடுத்ததை “24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்” ஆக உயர்த்தித் தருவதாகச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தட்டில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேல் சேர்ப்பதெல்லாம் கணினி இட்டு நிரப்பியது.

ஆனால் ஃப்ளாக் என்று கேட்டு வாங்கிவிட்டால் வேலை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தட்டிலிருந்து எண்களைப் பிழையின்றிப் படித்தெடுப்பதே முதல் வேலை. தவறாகப் படித்ததை ஃப்ளாக் அப்படியே, இழப்பில்லாமல், தவறாகவே வைத்துக்கொள்ளும். கோப்புகள் ஏற்றிய தரவுத் தட்டில் ஒவ்வொரு பகுதியிலும் பிழையைக் கண்டுபிடிக்கவும் திருத்தவும் தனியாகச் சில நூறு பைட்டுகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒலித் தட்டில் அந்த இடமும் இசைக்கே கொடுக்கப்பட்டுவிட்டது; ஒரு பகுதியின் 2,352 பைட்டும் இசைதான். அடிப்படையான ஓர் அடுக்குப் பிழைதிருத்தம் இருந்தாலும், கீறல் அதையும் மீறிப் போனால் பிளேயர் முன்னும் பின்னும் உள்ள மாதிரிகளைப் பார்த்து நடுவில் உத்தேசமாக ஒன்றை நிரப்பிவிடும். பாட்டுக் கேட்கும்போது அது நல்லதே, ஏனெனில் பாட்டு நிற்காமல் ஓடுகிறது. நிலைத்த படி எடுக்கும்போது அதுவே கெடுதல். குறை இருந்தது என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. வேகமாகத் தட்டைச் சுற்றவிட்டு ஒரே ஓட்டமாக எடுத்து முடிக்கும் சாதாரண மென்பொருள்கள் இதைக் கவனிப்பதில்லை.

கவனிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, பலவும் இலவசம். விண்டோஸில் பலரும் நம்பிப் பயன்படுத்துவது எக்ஸாக்ட் ஆடியோ காப்பி. அதன் பாதுகாப்பான முறையில் ஒவ்வொரு பகுதியும் குறைந்தது இரண்டு முறை படிக்கப்படுகிறது. இரண்டும் ஒத்துவராவிட்டால் பதினாறு பதினாறு முறையாகத் திரும்பத் திரும்பப் படித்து, அவற்றில் எட்டு ஒன்றுபோல் வந்தால்தான் ஏற்றுக்கொள்கிறது. மோசமான இடத்தை 82 முறை வரை படித்துப் பார்க்கும். அப்போதும் சரிவரவில்லை என்றால் எத்தனையாவது நிமிடத்தில், எத்தனையாவது நொடியில் சந்தேகம் என்று எழுதிவைத்துவிடும். நாம் அந்த இடத்தை மட்டும் காதால் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: தட்டைப் படிக்கும் டிரைவ்களில் சில, முதல் தடவை படித்ததைத் தங்கள் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாம் தடவையும் அதையே எடுத்து நீட்டும், அப்படியானால் இரண்டும் ஒத்துப்போவதில் பொருளில்லை. ஆகவே டிரைவின் இந்தப் பழக்கத்தை மென்பொருள் முதலில் சோதித்துக்கொள்ள விடவேண்டும். ஆப்பிள் கணினியில் எக்ஸ்.எல்.டி., லினக்ஸில் விப்பர், எல்லாவற்றிலும் ஓடக்கூடிய ஃப்ரீஏசி என்று அவரவர் கணினிக்கேற்ற மென்பொருள்கள் உண்டு. யு.எஸ்.பி. வழியாகச் செருகும் டி.வி.டி. டிரைவ் ஒன்று இருந்தால் புதிய மடிக்கணினியிலும் இவை வேலை செய்யும். நல்ல நிலையில் உள்ள தட்டு கால் மணி நேரம் அளவில் முடிந்துவிடும். கீறல் விழுந்தது சில மணி நேரம் பிடிக்கலாம். பொறுமையில்லாதவர்கள் செய்யும் வேலை அல்ல இது.

படித்தது சரிதானா என்று அறிய அக்யுரேட்ரிப் என்னும் ஏற்பாடு பெரிதும் உதவுகிறது. உலகெங்கும் அதே தட்டை எடுத்தவர்களுக்குக் கிடைத்த சரிபார்ப்பு எண்கள் (படித்த ஒலியிலிருந்து மென்பொருள் கணக்கிடும் அடையாள எண்கள்) ஒரு தரவுத்தளத்தில் சேர்ந்திருக்கின்றன. நம் எண் வேறு சிலருடைய எண்ணோடு ஒத்துப்போனால், வெவ்வேறு தட்டும் வெவ்வேறு டிரைவும் ஒரே தவறைச் செய்திருக்க வாய்ப்பில்லை என்பதால், பிழையில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் புகழ்பெற்ற தட்டுகள் போன்று ஆயிரக்கணக்கில் விற்றவற்றுக்கு இது பொருந்தும். மதுரைப் பக்கத்து வீடுகளில் இருக்கும் பல தட்டுகளுக்கோ இது உதவாது.

ஏனென்றால் இங்கே விலைமதிப்பற்றவை என்று நான் நினைப்பவை கடையில் விற்ற தட்டுகள் அல்ல. மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளில், தம் வீட்டுக் கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம், கோயில் கொடையில் பாடிய கும்மி, இறந்துபோன பாட்டியின் ஒப்பாரி, இரவு முழுதும் நடந்த ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் பாடிய பாட்டு, இவையெல்லாம் மைக் செட்காரரோ ஸ்டுடியோக்காரரோ எழுதிக்கொடுத்த ஒரே ஒரு தட்டில் இருக்கின்றன. சங்கரதாஸ் சுவாமிகள் வாழ்ந்து நாடகம் வளர்த்த ஊர் இது. சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் ஒலித்த ஊர். இங்கு மேடையேறிய எத்தனையோ கலைஞர்களின் குரல் எந்தக் கம்பெனியின் பதிவிலும் ஏறவில்லை. அந்தத் தட்டு போனால் அந்தக் குரல் போயிற்று. எந்த இசைச் செயலியிலும் தேடி எடுக்க முடியாது.

இப்படி வீட்டிலும் ஸ்டுடியோவிலும் எழுதிய தட்டுகள் கம்பெனித் தட்டுகளைப் போல அச்சில் அழுத்தியவை அல்ல. உள்ளே ஒரு சாயப் படலம். லேசர் அதைச் சுட்டுத்தான் பாட்டை எழுதுகிறது. வெயில் பட்டால் அந்தச் சாயம் வெளுக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் விரைவில் கெடும். மதுரைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடி ஆஸ்பெஸ்டாஸ் அறையில் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும் தட்டுகளின் நிலை என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பலரும் பளபளக்கும் அடிப்பக்கத்தை மட்டும் பத்திரமாகக் கையாண்டு, மேற்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுகிறார்கள், ஸ்டிக்கர் ஒட்டி உரிக்கிறார்கள். அடிப்பக்கத்தில் இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட தடிமனுள்ள பிளாஸ்டிக். இசையைத் தாங்கும் படலமோ மேற்பக்கத்து வார்னிஷுக்கு உடனே கீழே இருக்கிறது. அங்கே விழும் கீறல் நேராகப் பாட்டின்மேல் விழுகிறது. தட்டைக் குழல்விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் வெளிச்சப் புள்ளிகள் தெரியலாம். தெரிந்தால், அந்தத் தட்டை எல்லாவற்றுக்கும் முன்பாக எடுத்துவிடுங்கள். துடைப்பதானால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கவேண்டும், வட்டமாகத் தேய்க்கக்கூடாது.

ஒப்பிட வேறு பிரதி இல்லாத இத்தகைய தட்டுகளை இரண்டு முறை எடுத்து இரண்டு சரிபார்ப்பு எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் இதற்கென்றே ‘சோதனையும் நகலும்’ என்ற வழி இருக்கிறது. முடிந்தால் இரண்டாவது முறை வேறொரு டிரைவில் போட்டு எடுப்பது இன்னும் நல்லது; ஒரு டிரைவ் தடுமாறும் தட்டை இன்னொன்று தாராளமாகப் படித்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

எல்லாத் தட்டும் ஒலித் தட்டு அல்ல என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ‘150 பாடல்கள்’ என்று ஒரே தட்டில் விற்றவை எம்பி3 கோப்புகளைக் கொண்ட தரவுத் தட்டுகள். அவற்றை ஃப்ளாக் ஆக மாற்றுவது வீண் வேலை. உள்ளே இருக்கும் கோப்புகளை அப்படியே நகலெடுத்துக்கொண்டால் போதும். கல்யாண வீடியோ வி.சி.டி., டி.வி.டி. ஆகியவற்றுக்கும் முதலில் முழுத் தட்டையும் அப்படியே படியெடுத்து வைத்துக்கொள்வதுதான் முறை. கேசட்டு வேறு விதம். அதை நிகழ்நேரத்தில் ஓட்டித்தான் பதிவு செய்ய வேண்டும், ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். டெக்கின் தலையை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, அதன் சாய்வைக் கேசட்டுக்கேற்பச் சரிசெய்து, 24 பிட்டில் பதிந்து ஃப்ளாக் ஆகச் சேமிக்கவேண்டும். இரைச்சலை நீக்கித் தருகிறோம் என்றால், நீக்காத மூலப் பதிவையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். நீக்கியதை மறுபடி சேர்க்க முடியாது.

பெயர் எழுதும் வேலையில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு வருத்தம் தருகிறது. ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்று ஆயிரம் கோப்புகள் சேர்ந்துவிட்டால் பத்து ஆண்டுக்குப் பின் அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஃப்ளாக் கோப்பின் உள்ளேயே குறிப்புகளை எழுதலாம், அதுவும் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். பாடியவர் யார், பிடில் யார், மிருதங்கம் யார், ராகம், தாளம், இயற்றியவர், எந்த ஊரில் எந்த ஆண்டு நடந்த கச்சேரி என்று தனித்தனியாகக் குறிக்க முடியும். இணையத்திலிருந்து தானாக வந்து விழும் பெயர்களில் பக்கவாத்தியக்காரர்கள் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள்; ராகத்தின் பெயர் வாயில் நுழையாத எழுத்துக்கூட்டலில் இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்களை அருகில் உட்கார வைத்துப் பாட்டைப் போட்டுக் காட்டி, “தவில் யாரு மாமா, எந்த ஊர்க் கோஷ்டி?” என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். என் மாமா ஒரு தனி ஆவர்த்தனத்தின் முதல் சில அடிகளைக் கேட்டவுடன் வாசித்தவரின் பெயரையும் ஊரையும் சொன்னார். அந்தத் தட்டின் உறையில் மணமக்கள் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை.

இது சட்டப்படி சரியா என்று சிலர் தயங்குகிறார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை உரிமை மீறல் ஆகாது என்று விலக்குகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய தட்டை நாமே கேட்பதற்காகக் கணினியில் வைத்துக்கொள்வது வேறு, அதைப் பலருக்கும் பகிர்வதோ விற்பதோ வேறு, பின்னதைச் செய்யக்கூடாது. ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நீடிக்கும். 1960-ல் வெளியான ஓர் இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமைகள் தனியானவை. அவை அவரவர் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் தொடரும்.

சேமிப்பு பற்றிய கவலையும் பெரிதாகத் தேவையில்லை. 300 தட்டுகள் வைத்திருப்பவருக்கும் ஃப்ளாக் ஆக்கினால் ஏறத்தாழ 100 முதல் 120 ஜி.பி. ஆகும், இன்று விற்கும் மிகச் சிறிய ஹார்ட் டிஸ்கிலும் அடங்கிவிடும். பென் டிரைவ் மட்டும் போதாது. இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் வைத்து, ஒன்றைத் திண்டுக்கல்லிலோ தேனியிலோ இருக்கும் உறவினர் வீட்டில் வைத்துவிடலாம். ஃப்ளாக் கோப்பினுள் மூல ஒலியின் சரிபார்ப்பு எண் ஒன்று பதிந்திருப்பதால், ஆண்டுக்கொரு முறை சோதனைக் கட்டளையை ஓடவிட்டால் எந்தக் கோப்பாவது கெட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கெட்டிருந்தால் மற்ற ஹார்ட் டிஸ்கிலிருந்து நல்ல படியை எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசியிலும் காரிலும் கேட்க எம்பி3 வேண்டுமானால் இந்த மூலப் படியிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். நாளை எம்பி3 ஐவிட நல்ல வடிவம் வந்தால் அதற்கும் இதே மூலம் உதவும். தட்டை மறுபடி தேட வேண்டாம்.

கடைக்காரர்களிடம் எனக்கு வன்மம் இல்லை. டவுன் ஹால் ரோட்டிலும் மாசி வீதிகளிலும் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த கடைகளில் நின்று வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான்; காகிதத்தில் எழுதிக்கொடுத்த பாட்டு வரிசையைப் பார்த்துத் தட்டுத் தட்டாகத் தேடியெடுத்துப் பதிந்து கொடுத்தவர்கள் அவர்கள். அந்தத் தொழில் நசிந்தபின் தட்டுகளைக் கணினிக்கு மாற்றும் இந்த வேலை சிலருக்காவது பிழைப்பைத் தருகிறது என்பது மகிழ்ச்சியே. ஆனால் எம்பி3 எடுத்தால் எம்பி3 என்று சொல்லிக் கொடுக்கட்டும். ஃப்ளாக் என்று காசு வாங்கினால், தட்டிலிருந்து நேராக எடுத்த ஃப்ளாக் கொடுக்கட்டும்; எடுத்த மென்பொருள் எழுதிய பதிவறிக்கையையும் ஒவ்வொரு தட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும். அந்த அறிக்கை மென்பொருள் தானே எழுதுவது. கடைக்காரருக்கு ஒரு நிமிட வேலைகூட இல்லை. வாடிக்கையாளரும் அதைக் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று பாட்டுகளை வீட்டில் திறந்து பார்த்த பிறகே காசைக் கொடுத்து முடிக்கலாம். தட்டுகளை ஒருபோதும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். இன்று ஓர் இடத்தில் தடுமாறும் தட்டை நாளை இன்னொரு டிரைவ் படித்துவிடலாம்.

2023 ஜூலையில் மதுரை புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இந்த வேலைக்கு ஓர் இடம் ஒதுக்கினால் பெரும் பயன் விளையும் என்று நம்புகிறேன். பெரிய செலவு எதுவும் ஆகாது. இரண்டு கணினி, வெவ்வேறு கம்பெனி டி.வி.டி. டிரைவ்கள் நான்கு, நல்ல கேசட் டெக் ஒன்று, இலவச மென்பொருள், இதை அறிந்த ஒருவர், இவ்வளவே வேண்டும். தட்டைக் கொண்டுவருபவர் எதிரிலேயே அதை எடுத்துக் கொடுத்துத் தட்டைத் திருப்பித் தரலாம். கம்பெனி வெளியீடுகளில் உரிமைச் சிக்கல் வரும் என்பதால் அவற்றின் நகலை நூலகம் வைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக் கல்யாணத்திலும் ஊர்த் திருவிழாவிலும் பதிந்தவற்றை மட்டும், உரியவரும் வாசித்த கலைஞரோ அவர் குடும்பத்தாரோ எழுத்து மூலம் சம்மதித்தால், நூலகம் ஒரு பிரதி வைத்துக்கொண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு அங்கேயே கேட்கக் கொடுக்கலாம். மதுரைக் கல்லூரிகளில் கணினி படிக்கும் மாணவர்களுக்கு இதில் பயிற்சி கொடுத்தால் கோடை விடுமுறையில் கிராமங்களுக்கே டிரைவையும் மடிக்கணினியையும் எடுத்துச் சென்று வேலையை முடித்துவிடுவார்கள். சாயம் வெளுத்துக்கொண்டிருக்கும் தட்டுகள் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை; ஆதலால் அடுத்த சித்திரைக்குள்ளாவது இதைத் தொடங்கும்படி நூலக நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இசை கேட்கும் வாசகர் ஒருவர்,
எஸ்.எஸ். காலனி, மதுரை.